மாமாவின் சப்பாத்து

அன்பு மகனே,

பொகவந்தலாவையிலிருந்து நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பார்சல் போன வெள்ளிக்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தது. மேலே இருந்த கல்யாணப் பத்திரிகைகளை அம்மா எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். அதற்கடியில், பழைய துணியில் சுற்றி, உன் மண்ணிறச் சப்பாத்து இருந்தது. கூடவே உன் கடிதம். வழக்கம்போல அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். மாப்பிள்ளை கறுப்புச் சப்பாத்துப் போட வேண்டும் என்று பெண் வீட்டார் ஆசைப்படுவதாகவும், இதைக் கறுப்பாக்கித் தர முடியுமா என்றும் கேட்டிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. "லயத்தில் எல்லாருக்கும் சாயம் போட்டுக் கொடுப்பீர்கள், எனக்கு மட்டும் இதுவரை போட்டதில்லை. ஹட்டன் பள்ளிக்கூடத்துக்கு முதல் முதலாகப் போனபோதுகூட எனக்குப் புதுச் சப்பாத்துத்தான் வாங்கித் தந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை அப்பா" என்று எழுதியிருந்தாய். அந்த இடம் வந்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"படிங்க."

"படிச்சாச்சு."

"அப்ப எழுதுங்க."

"என்னத்த எழுத?"

"உள்ளத எழுதுங்க. புள்ளைக்குக் கல்யாணம் ஆகப் போகுது. இன்னுமா அவனுக்குப் புதுச் சப்பாத்து?"

அதனால்தான் எழுதுகிறேன். உன் சப்பாத்து நன்றாகக் கறுத்துவிட்டது. இந்தக் கடிதத்தோடு அதுவும் உன் கைக்கு வரும். ஆனால் அதைக் காலில் போடுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. அன்றைக்கு நீ போட்டுக்கொண்டு போனது புதுச் சப்பாத்து இல்லை. உன் மாமாவின் பழைய சப்பாத்து. அதை நான்தான் கறுப்பாக்கினேன், பாதியை. மீதிப் பாதியை உன் அம்மா கறுப்பாக்கினாள். அந்த இரண்டு பாதிக்கும் நடுவில் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் மாமா இந்தியாவுக்குப் போனபோது உனக்கு ஆறு வயது. அவர் முகம் உனக்குச் சரியாக நினைவிருக்காது. அவர் நம் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரையின் பங்களாவில் வேலை பார்த்தார். அந்தச் சின்னத்துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது தன் சப்பாத்து ஒரு சோடியை மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல தோல், வெல்லப்பாகு நிறம், மூக்கில் சின்னச் சின்னத் துளைகளால் பூ வேலை. எங்கள் லயத்து வீடுகளில் முதலில் சப்பாத்துப் போட்டவர் உன் மாமாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் போட்டுக்கொண்டு கோயில் வரைக்கும் போய்விட்டு வருவார். மெதுவாகத்தான் நடப்பார். எல்லாரும் பார்க்கட்டும் என்று மெதுவாக நடக்கிறார் என நாங்கள் பேசிச் சிரித்துக்கொள்வோம். பிறகு சுதந்திரம் வந்தது; யார் இந்த நாட்டு ஆள், யார் அந்த நாட்டு ஆள் என்று கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். புதுக்கோட்டைப் பக்கத்தில் இருந்த கொஞ்ச நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை என்று அங்கிருந்தும் கடிதத்துக்கு மேல் கடிதம். மாமா போவதென்று முடிவு செய்தார். தலவாக்கலை ஸ்டேஷனில் அவரை ரயிலேற்ற நானும் அம்மாவும் போயிருந்தோம். ரயில் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அவர் பெஞ்சில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். தூசியைத் தட்டி, இரண்டையும் சேர்த்து அம்மாவின் கையில் கொடுத்தார். "இத வச்சிரு தங்கச்சி. வந்து போட்டுக்கிறேன்" என்றார். வெறுங்காலோடு ரயிலேறிப் போய்விட்டார்.

உன் அம்மா வழியெல்லாம் அழவில்லை. "அண்ணன் கண்டிப்பா வந்துருவாங்க. இல்லன்னா இத விட்டுட்டுப் போவாங்களா?" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். சப்பாத்து ட்ரங்குப் பெட்டிக்குள் போனது. மாதத்துக்கு ஒரு தடவை வெயில் பார்த்து அதை வெளியே எடுப்பாள், பூஞ்சணம் பிடித்திருந்தால் துடைப்பாள், தோல் வெடிக்கக் கூடாது என்று தேங்காய் எண்ணெய் தடவி மறுபடி உள்ளே வைப்பாள். நம் மலையில் வெயில் எத்தனை நாள் அடிக்கும் என்பது உனக்குத் தெரியும். வெயில் வந்த நாளில் உலர்த்துவதற்கு அவளுக்கு ஆயிரம் துணி இருந்தது. ஆனால் முதலில் அந்தச் சப்பாத்துத்தான் வெளியே வரும். ஆறு வருஷம் அப்படிச் செய்தாள். மாமாவிடமிருந்து கடிதங்கள் வரவரக் குறைந்து, கடைசியில் பொங்கலுக்கு ஒன்று என்று ஆகிவிட்ட பிறகும் செய்தாள்.

அந்த நேரத்தில்தான் ஹட்டனில் உனக்கு இடம் கிடைத்தது. நம் லயத்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முதல் பிள்ளை நீ. கங்காணி முதல் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் வரை எல்லாரும் வந்து உன் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த காகிதத்தில் வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை, கறுப்புத் தோல் சப்பாத்து என்று எழுதியிருந்தது. சட்டையும் காற்சட்டையும் லிந்துலை கடைவீதியில் தைக்கக் கொடுத்தாயிற்று. சப்பாத்துக்கு வழியில்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் கண் ட்ரங்குப் பெட்டிமேல் போனது. மாமாவின் சப்பாத்து சின்ன அளவு. முன்னால் கொஞ்சம் பஞ்சு அடைத்தால் உனக்குச் சரியாக இருக்கும். நிறம்தான் மண்ணிறம்.

எனக்கு அப்போது தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை. பச்சைக் கொழுந்தின் சாறு இரும்பில் பட்டால் கறுத்துப்போகும் என்பது ஸ்டோரில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். எங்கள் கை ரேகையெல்லாம் அந்தக் கறுப்புத்தான். எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகாது. அந்தக் கறுப்பைத் தோலில் ஏற்ற முடியுமா என்று ஸ்டோர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் இஞ்சின் பாஸிடம் கேட்டேன். அவர் சிங்கள ஆள், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "துருப் புடிச்ச ஆணிய வினாகிரியில போட்டு ஒரு கெழம வையி. மொதல்ல சப்பாத்துக்கு நல்ல கடுப்பான தேத்தண்ணி பூசு. காஞ்சதும் ஆணித் தண்ணி பூசு. ஹொந்தட்ட கலு வெய்" என்றார். நன்றாகக் கறுக்கும் என்று அர்த்தம். நான் அன்றைக்கே ஒரு போத்தலில் ஆணியும் வினாகிரியும் போட்டு, ஸ்டோரில் என் சாமான் வைக்கும் மூலையில் ஒளித்து வைத்தேன்.

மகனே, இதைக் கவனி. அந்த ஆணி ஊற ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் நான் தினமும் உன் அம்மாவோடு சாப்பிட்டேன், பேசினேன், உன் சட்டை அளவைப் பற்றிக்கூட விவாதித்தேன். ஏழு நாளில் ஒரு தடவைகூட, "புள்ள, உங்க அண்ணன் சப்பாத்த நம்ம பயலுக்குக் கொடுப்போமா?" என்று கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவளுடைய பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளையின் படிப்புக்காகச் செய்கிறேன், இதில் என்ன தப்பு என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்துக்கொண்டேன். நல்ல காரியத்துக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் என் கண்ணை மறைத்தது.

பள்ளிக்கூடம் திறக்க வேண்டியது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை, இராத்திரி வேலை முடிந்து காலையில் வந்த நான் படுக்கவில்லை. அம்மா பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, அங்கிருந்து மலைக்குப் போய்விட்டாள். நீ கடைவீதிக்குப் போயிருந்தாய். பெட்டியைத் திறந்தேன். சப்பாத்தையும், ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த போத்தலையும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் பீலியடிக்குப் போனேன். தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து, வலதுகால் சப்பாத்துக்குத் தேத்தண்ணி பூசினேன். காயும்வரை காத்திருந்தேன். பிறகு பழைய துணியை ஆணித் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தேன். கண் முன்னாலேயே வெல்லப்பாகு நிறம் சாம்பலாகி, நீலமாகி, கறுப்பாகியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம். ஆனால் அங்கங்கே திட்டுத் திட்டாகக் கறுப்பு ஏறவில்லை. மூக்கில் ஒரு பெரிய மண்ணிறத் திட்டு, பக்கத்தில் இரண்டு. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஏறவே இல்லை. அந்தத் திட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. பகல் கொழுந்து நிறுத்துவிட்டுச் சாப்பிட வந்த உன் அம்மா, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்க்காமலே என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"சப்பாத்து."

"யாரு சப்பாத்து?"

கல்லின் மேல் இடதுகால் சப்பாத்து அப்படியே மண்ணிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"எங்க அண்ணன் சப்பாத்தா?"

"பயலுக்குத்தான் புள்ள. திங்கக்கெழம பள்ளிக்கூடம்..."

"நான் கேட்டது அது இல்ல."

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அது எனக்குச் சுலபம். அவள் குனிந்து அந்த மண்ணிறச் சப்பாத்தை எடுத்தாள். அதில் ஒரு துளி ஆணித் தண்ணீர் தெறித்திருந்தது. படங்கின் ஓரத்தால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு காம்பராவுக்குள் போனாள். சாப்பிடாமலே மலைக்குத் திரும்பிவிட்டாள். நான் ஒற்றைச் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு பீலியடியில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கறுப்பைத் திரும்ப எடுக்க முடியுமா என்று சாம்பலைப் போட்டுக்கூடத் தேய்த்துப் பார்த்தேன். அது கை ரேகையில் ஏறிய கறுப்பு மாதிரி. எப்படிப் போகும்?

அதற்குப் பிறகு மூன்று நாள் எங்களுக்குள் பேச்சில்லை. உனக்கு இது நினைவிருக்கலாம். "அப்பாவச் சாப்பிடச் சொல்லு", "அம்மாகிட்ட சாவியக் கேளு" என்று எல்லாம் உன் வழியாகத்தான் நடந்தது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நீ ஓடிக்கொண்டிருந்தாய். ஒரே காம்பராவில் சுவர் ஏது என்று கேட்பாய். இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நினைக்காமலில்லை. ஆனால் வாயைத் திறக்கும்போதெல்லாம் "பயலுக்காகத்தானே" என்பதே முதலில் வந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். ரொம்ப வருஷம் கழித்து உன் அம்மா இதைப் பற்றிப் பேசியபோது, "எனக்குக் கோவம் மொத நாளு மட்டுந்தாங்க. மத்த ரெண்டு நாளும் யாரு மொதல்ல பேசுறதுன்னு தெரியாம இருந்தேன்" என்றாள். எனக்கும் அதேதான். இரண்டு பேரும் வீணாக இரண்டு நாளைத் தொலைத்தோம். உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் இப்படி நாட்கள் வரும். வராத வீடு இல்லை. அப்போது யார் பக்கம் நியாயம் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், நீயே முதலில் பேசிவிடு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் தேத்தண்ணி வேண்டுமா என்று கேள். அது போதும்.

சனிக்கிழமை மத்தியானம் அரைநாள் வேலை முடிந்து வந்த அம்மா, பெட்டியிலிருந்து இடதுகால் சப்பாத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணு கறுப்பு, ஒண்ணு மண்ணு நெறம். எங்க அண்ணன் வந்தா எதப் போடுவாங்க?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தப்புத்தான் புள்ள. உன்னக் கேட்டிருக்கணும்" என்றேன். மூன்று நாள் வராத சொல் அப்போது வந்துவிட்டது, ஏனென்றால் அவள் முதலில் பேசிவிட்டாள்.

"கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன். என் புள்ளைக்கு இல்லாததா? கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளுங்க. ஆறு வருஷம் எண்ண பூசுன தோலு. எண்ணயக் கழட்டாம சாயம் பூசினா எப்படி ஏறும்?" என்றாள்.

என் சாயம் திட்டுத் திட்டாக நின்றதற்குக் காரணம் அதுதான். அவள் மாதாமாதம் பார்த்துப் பார்த்துத் தடவிய தேங்காய் எண்ணெய். எந்த இடத்தில் அதிகம் தடவினாளோ அந்த இடத்தில்தான் கறுப்பு ஏறவில்லை. அவள் வெந்நீர் வைத்தாள். சவுக்காரத்தைத் துணியில் தேய்த்து நுரையாக்கி, தண்ணீர் உள்ளே இறங்காதபடி மேலாகவே துடைத்துத் துடைத்து எண்ணெயை எடுத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். "சுருங்கிப் போகும்" என்று காற்றுப் படும் இடத்தில் தொங்கவிட்டாள். தேத்தண்ணியை நான் காய்ச்சினேன். குடிக்க முடியாத அளவுக்குக் கடுப்பாக. அதை ஒரு தடவைக்கு மூன்று தடவை பூசினாள், ஒவ்வொரு தடவையும் காயவிட்டு. பிறகுதான் ஆணித் தண்ணீர். ஒரே சீராகக் கறுத்தது. என்னுடைய வலதுகால் சப்பாத்தையும் வாங்கி, கழுவி, திட்டுக்களை மறைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணியால் துடைத்து வினாகிரி நாற்றத்தை எடுத்தோம், காயவிட்டு லேசாக எண்ணெய் தடவினோம், கறுப்புப் பொலிஷ் போட்டுப் பளபளப்பாக்கினோம். அன்றைக்கு நாங்கள் பேசிய பேச்சு, கல்யாணமான புதிதில்கூடப் பேசியதில்லை. மாமா சின்ன வயதில் செய்த குறும்புகளை எல்லாம் சொல்லிச் சொல்லி அவள் தேய்த்தாள். முடிந்ததும் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அண்ணன் வந்தா நீங்கதான் சொல்லணும். நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

சரி என்றேன்.

திங்கட்கிழமை நீ அதைப் போட்டுக்கொண்டு ரயிலேறினாய். தலவாக்கலையில் மழை கொட்டியது. சாயம் கரைந்துவிடுமோ என்று நானும் அம்மாவும் உன் காலையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது கரையவில்லை, மேலே போட்ட பொலிஷ் மட்டும் உன் வெள்ளைக் காலுறையில் கொஞ்சம் ஒட்டியிருந்ததாம். முதல் விடுமுறைக்கு ஹாஸ்டலிலிருந்து வந்தபோது, "அப்பா, சப்பாத்து நாக்குக்கு உள்பக்கம் மட்டும் ஏன் மண்ணு நெறமா இருக்கு?" என்று கேட்டாய். "புதுச் சப்பாத்தெல்லாம் அப்படித்தான்டா" என்றேன். நீ நம்பினாய். நான் சொன்னால் அதற்கு மேல் கேள்வி கேட்காத பிள்ளை நீ. அந்த நம்பிக்கையை நான் அப்படிச் செலவழித்திருக்கக் கூடாது. பழைய சப்பாத்து என்றால் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் நீ கூச்சப்படுவாய் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், கூச்சப்பட்டது நான்தான். உனக்குப் புதிது வாங்கித் தர முடியாத கூச்சம். அதை மன்னித்துவிடு.

அதன் பிறகு விஷயம் மெல்லப் பரவி, கிளாக்கர் ஐயா முதல் தபால்காரர் வரைக்கும் பழைய சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஆட்கள் என்னைச் சப்பாத்துச் சாயக்காரன் என்றார்கள். உண்மையில் எண்ணெய் எடுப்பதும் தேத்தண்ணி பூசுவதும் உன் அம்மாதான். ஆணித் தண்ணீர் மட்டும்தான் என்னுடையது. வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: "இது ஒங்க சப்பாத்துத்தானே?" அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

நீ ஹட்டனில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு மாதத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது, வருகிறேன் என்று. உன் அம்மா அந்தக் கடிதத்தை என்னைப் பத்துத் தடவை படிக்க வைத்தாள். எனக்கோ ஒவ்வொரு தடவையும் அவள் வைத்த நிபந்தனைதான் நினைவுக்கு வந்தது. தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போனோம். மாமா தலை நரைத்து, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு இறங்கினார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வந்துட்டீங்களே அண்ணே, வந்துட்டீங்களே" என்று அதையே சொன்னாள். அவரும் அழுதார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஸ்டேஷனிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. வீட்டில் அம்மா சோறு போட்டு, மாமா இரண்டு வாய் சாப்பிட்டதும், அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தப்ப முடியாது.

"மச்சான்" என்றேன். "ஒரு விஷயம் சொல்லணும். நீங்க விட்டுட்டுப் போன சப்பாத்து..."

"எந்தச் சப்பாத்து?"

அம்மாவின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது.

"சின்னத்தொர குடுத்தாரே மச்சான், மண்ணு நெறத்துல. ஸ்டேஷன்ல ஒங்க தங்கச்சி கையில குடுத்துட்டுப் போனீங்களே. அத நான் ஒங்களையும் கேக்காம, இவளையும் கேக்காம, கறுப்புச் சாயம் போட்டுப் பயலுக்குக் குடுத்துட்டேன். இப்ப அவன் அதப் போட்டுக்கிட்டுத்தான் ஹட்டன்ல படிக்கிறான்."

மாமா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சோற்றுக் கையோடு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

"அந்தச் சப்பாத்தா? அத போட்டு எப்படி மச்சான் பய நடக்குறான்? எனக்கு ரெண்டு காலும் புண்ணாப் போச்சே! சின்னத்தொர காலு பொம்பளப் புள்ள காலு மாதிரி. எனக்குக் கடிச்ச கடி இருக்கே... கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள உசிரு போயிரும். சப்பாத்து போட்ட கௌரவத்துல வெளிய சொல்ல முடியல. அன்னைக்கு ஸ்டேஷன்ல கழட்டினதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

அவர் மெதுவாக நடந்ததற்குக் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஆறு வருஷம் வெயிலில் வைத்து எடுத்தவள். அவளுக்கு வருத்தமாக இருக்குமோ என்று பயந்தேன். அவள் அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கடிச்ச சப்பாத்தையா அண்ணே என்கிட்ட குடுத்துட்டு, வந்து போட்டுக்கிறேன்னு சொன்னீங்க?"

மாமா சிரிப்பை நிறுத்தினார். "சப்பாத்து கடிச்சது நெசம் தங்கச்சி. வர்றேன்னு சொன்னதும் நெசம்தான். வந்துட்டேனே" என்றார்.

அதற்குப் பிறகு அம்மாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து என்ன என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா உன்னைப் பார்க்க ஹட்டனுக்கு வந்தார், நினைவிருக்கிறதா? கச்சான் உருண்டையும் பேனாவும் வாங்கி வந்தாரே. விடுமுறைக்கு வந்தபோது, "மாமா ஏன்மா என் காலையே பாத்துக்கிட்டு இருந்தாரு? நடந்து காட்டுன்னு வேற சொன்னாரு" என்று அம்மாவிடம் கேட்டாய். ஏன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். திரும்பி வந்து அவர் எங்களிடம் சொன்னது இதுதான்: "பயலுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. அது அவனுக்குன்னே வந்த சப்பாத்து." எனக்கு மூன்று வருஷமாக இருந்த பாரம் அன்றைக்கு இறங்கியது.

மகனே, மாமா பெரிய மனதோடு சிரித்துவிட்டதால் நான் செய்தது சரியாகிவிடாது. அந்தச் சப்பாத்து அவருக்குக் கடித்தது என்பது புதன்கிழமை பீலியடியில் எனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது. அன்றைக்கு நான் எடுத்தது அவளுடைய நம்பிக்கையை. அந்தப் பெண் உன் வீட்டுக்கு வரும்போது அவளும் ஒரு பெட்டி கொண்டுவருவாள். அதில் உனக்குக் குப்பையாகத் தெரிவது ஏதாவது இருக்கும். ஒரு பழைய சட்டை, ஒரு உடைந்த சீப்பு, என்னவோ. அதற்கு ஒரு உபயோகம் உன் புத்திக்குத் தோன்றினால், நல்ல உபயோகமாகவே தோன்றினாலும், முதலில் அவளிடம் கேள். அவள் தர மாட்டாள் என்று நீயே நினைத்துக்கொள்ளாதே. உன் அம்மா தந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியாமல் போனது, பதினைந்து வருஷம் அவளோடு குடும்பம் நடத்திய பிறகும்.

இனி உன் சப்பாத்தைப் பற்றி. நீ போட்டிருந்த பொலிஷ் கனமாக இருந்ததால் அதை எடுக்கவே ஒரு நாள் ஆனது. அம்மாதான் எடுத்தாள். கறுப்பு ஒரே சீராக ஏறியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் நனைக்காதே, உள்ளே கொஞ்சம் வினாகிரி வாசம் இருந்தால் இரண்டு நாள் காற்றில் வை. நாங்கள் புதன்கிழமை பஸ்ஸில் புறப்படுகிறோம். பொகவந்தலாவைப் பாதை வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றும். ஸ்டாண்டுக்கு நீயே வந்துவிடு.

இதுவரை எழுதியதை நேற்று சாயந்தரம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அனுப்பலாமா என்று கேட்பதற்காக. முழுவதையும் கேட்டாள். ஓரிடத்திலும் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "நானும் ஒண்ணு சொல்லணுங்க" என்றாள்.

"என்ன?"

"நம்ம கல்யாணத்துக்கு நீங்க கட்டுன பட்டுக்கரை வேட்டி. ஆத்து வெள்ளத்துல போயிருச்சுன்னு சொன்னேன்ல?"

அந்த வேட்டி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் வாழ்க்கையில் நான் கட்டிய ஒரே நல்ல வேட்டி. அது வெள்ளத்தில் போன கதையை நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

"அது ஆத்துல போகல. இவன் பொறந்தப்போ தொட்டில் கட்ட மெதுவான துணி இல்ல. ரெண்டாக் கிழிச்சுட்டேன்."

மகனே, உன் முதல் ஆறு மாதம் நீ தூங்கியது என் கல்யாண வேட்டியில். தினமும் அந்தத் தொட்டிலை ஆட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

"என்னக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "மாட்டேன்" என்றேன்.

"அதான்" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போனாள். போகிற போக்கில், இதையும் சேர்த்து எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் அப்பா